எண்ணெயில் மின்புலம்: உடைத்துப் பார்ப்பதா, ஒளியில் பார்ப்பதா?

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது என்று நாளிதழின் உள்பக்கத்தில் வரும் சின்ன அறிவிப்பு விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படிப்பட்ட நாள்களில் துணைமின் நிலையத்தில் நடக்கும் வேலைகளில் ஒன்று டிரான்ஸ்பார்மரிலிருந்து எண்ணெய் பிடிப்பது. அடி வால்வைத் திறந்ததும் வருவதைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு, உலர்ந்த பாட்டிலை அதே எண்ணெயால் ஒருமுறை அலசி, அதன் பிறகுதான் நிரப்புவார்கள். சோதனைக் கிட்டின் கோப்பைக்குள் எதிரெதிரே இரண்டு உலோக உருண்டைகள் இருக்கும். நடுவில் 2.5 மி.மீ. இடைவெளி. குமிழி வராமல் எண்ணெயைச் சரித்து ஊற்றி, ஐந்து நிமிடம் அடங்கவிட்டு, விநாடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். ஏதோ ஓர் இடத்தில் ‘பட்’டென்று பொறி பாயும். கிட் ட்ரிப் ஆகும். எண்ணைக் குறித்துக்கொண்டு, எண்ணெயைக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும் ஏற்றுவார்கள். ஆறு முறை இப்படிச் செய்து எடுக்கும் சராசரிதான் முறிவு மின்னழுத்தம், சுருக்கமாக பி.டி.வி.

அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் எண்ணெய் பிழைக்கிறது அல்லது பில்டர் எந்திரத்துக்குப் போகிறது. 72.5 கிலோவோல்ட் வரையிலான டிரான்ஸ்பார்மரில் 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே போனால் எண்ணெய் மோசம். 170 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டதில் 50க்குக் கீழே போகக் கூடாது. விதி தெளிவாக இருக்கிறது, சோதனை மலிவானது, வெயிலில் நின்றுகொண்டே செய்துவிடலாம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மின்வாரியங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

என் மனக்குறை வேறு. பி.டி.வி. என்பது எண்ணெயை உடைத்துப் பார்த்துச் சொல்லும் எண். கிணற்றுக் கயிறு எத்தனை கிலோவில் அறும் என்று அது சொல்லும். கயிற்றின் எந்த இடத்தில் இப்போது எவ்வளவு பாரம் தொங்குகிறது என்று சொல்லாது. டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பது 2.5 மி.மீ. இடைவெளியும் இரண்டு உருண்டைகளும் அல்ல. செப்புச் சுருள், அதைச் சுற்றிய காகிதம், பிரஸ்போர்டு உருளைகள், அவற்றுக்கிடையே விரல் அகல எண்ணெய் வாய்க்கால்கள் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. மின்புலம் அந்த அடுக்குகளில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் காப்பு நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஒளியை அனுப்பி அளப்பது. தமிழ்நாட்டில் அந்த வழியை ஆய்வுக்கூடத்தின் அலங்காரமாக வைக்காமல், களத்து எண்ணெயோடு இணைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் கட்சி.

பழைய சோதனையைக் குறைத்துப் பேசிவிட்டு மேலே போவது முறையல்ல. விழுப்புரம் வட்டாரத்தில் அதன் அருமையைப் புயல்கள் காட்டியிருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கம்பங்களும் டிரான்ஸ்பார்மர்களும் கும்பல் கும்பலாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் பெய்த மழை 50 செ.மீ. அளவில் இருந்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் எண்ணெயில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம்தான். டிரான்ஸ்பார்மர் மூச்சுவிடும் பிரீதரில் உள்ள சிலிக்கா ஜெல் நீல நிறத்திலிருந்து வெளிறிய இளஞ்சிவப்புக்கு மாறிக் கிடக்கும். கேஸ்கெட் ஓரம் கசிந்திருக்கும். எண்ணெயில் ஈரமும் காகித நாரும் சேர்ந்திருக்கும். ஈரம் ஏறிய நார்த் துணுக்குகள் மின்புலத்தில் வரிசை கட்டி இரண்டு முனைகளையும் பாலம் போல இணைக்கப் பார்க்கும். பி.டி.வி. சடாரென்று விழுவது இதனால்தான். இந்த நோயை இந்தச் சோதனை போல மலிவாகக் காட்டிக்கொடுப்பது வேறொன்றில்லை. சிலிக்கா ஜெல்லை மாற்றாத நிலையத்தில் லேசர் வைத்து ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஈரமில்லாத, தெளிந்த, பி.டி.வி. 60ஐத் தாண்டும் எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்பார்மரும் விழுகிறது. அங்கேதான் மின்புலம் பற்றிய கேள்வி எழுகிறது.

மின்புலத்தை அளக்க உள்ளே ஓர் உலோக ஊசியை நுழைத்தால் என்ன? நுழைத்த கணமே அளக்க வேண்டிய பொருள் மாறிவிடும். கோடுகள் ஊசி முனைக்கு வளைந்து வரும். அழுத்தம் அதிகமானால் முதல் பொறி அந்த ஊசியிலிருந்துதான் கிளம்பும். உயர் அழுத்தத்தில் அளவி எதுவும் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போவதில்லை, வீட்டையே மாற்றிவிடும். ஆகவே எடையில்லாத, உலோகமில்லாத, தொடாத ஒன்று வேண்டும்: ஒளி.

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கெர் கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தவர். 1875இல் அவர் கண்டது இது: மின்புலத்தில் வைத்த கண்ணாடி, ஒளியை இரண்டு விதமாக நடத்துகிறது. புலத்தின் திசையில் அதிரும் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்கே அதிரும் ஒளிக்கு வேறொரு வேகம். பிறகு திரவங்களிலும் அதையே கண்டார். இதுதான் கெர் விளைவு. ஒரு திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியை, புலத்துக்கு 45 பாகைச் சாய்வில் திரவத்துக்குள் அனுப்பினால், அதன் இரு கூறுகளில் ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பின்தங்கி வெளியே வரும். எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்தால் புலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். புலம் இரட்டித்தால் இந்தப் பின்தங்கல் நான்கு மடங்காகும்.

இதில் தமிழ் வாசகர்கள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் அத்தியாயம் உண்டு. நம் பள்ளிப் பாடங்கள் அதைத் தாண்டி நேராக ராமன் விளைவுக்குப் போய்விடுகின்றன. கல்கத்தாவில் சி.வி.ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் 1927இல், அதாவது ராமன் விளைவு வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டில், திரவங்களில் மின்புலம் உண்டாக்கும் இந்த இரட்டை ஒளிவிலகலுக்கு ஒரு கோட்பாடு எழுதினார்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் ‘புரொசீடிங்ஸ்’ இதழில் அது வந்தது. மூலக்கூறுகள் புலத்தில் சற்றே திரும்பி வரிசைகொள்கின்றன என்பது லாஞ்செவின், போர்ன் ஆகியோர் முன்பே சொன்னது. நெருக்கமாகக் குவிந்து கிடக்கும் திரவத்தில் ஒரு மூலக்கூறு உணரும் புலம் வெளியே நாம் கொடுத்த புலம் மட்டும் அல்ல, அதைச் சுற்றி நிற்கும் அண்டை மூலக்கூறுகள் எந்தப் பக்கம் எப்படி நிற்கின்றன என்பதையும் பொறுத்தது என்பதைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் இவர்கள். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் அவர்கள் மனதில் இருந்திருக்காது. ஆனால் இன்று எண்ணெயில் லேசரை அனுப்பிப் புலத்தைப் படிக்கும் எவரும் அந்த வீட்டுத் திண்ணையைக் கடந்துதான் போகிறார்கள்.

சொல்லும்போது எளிது. செய்யும்போது என்ன கஷ்டம் என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். நைட்ரோபென்சீன் என்னும் திரவத்தில் கெர் விளைவு பளிச்சென்று தெரியும். டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல் பலவீனம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோவோல்ட் என்ற சாதாரணப் புலத்தில், சிவப்பு லேசர் ஒளி 20 செ.மீ. நீளத்துக்கு எண்ணெய்க்குள் ஓடி வந்தால், இரு கூறுகளுக்கும் இடையே விழும் கட்ட வேறுபாடு சுமார் 0.2 பாகைதான். குறுக்குக் குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே இந்த எண்ணெயை வைத்தால், மறுபக்கம் தப்பி வருவது பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு ஒளி. அறை விளக்கின் சிதறலே அதைவிட அதிகம். புலத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் வேறுபாடு நூறு மடங்காகி 20 பாகையை நெருங்கும், அப்போது கண்ணுக்கே தெரியும். ஆனால் நமக்கு வேண்டியது உடையப்போகும் நேரத்துப் புலம் மட்டும் அல்ல, அன்றாடம் ஓடும் நிலையின் புலமும்தான்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்க்கஸ் சானும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் செய்த வேலை பெரிது. நேர்த்திசை மின்னழுத்தத்தின் மேல் ஒரு சிறிய மாறுதிசை மின்னழுத்தத்தை ஏற்றிவைப்பார்கள். விளைவு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வர்க்கத்தை விரித்தால் இரண்டு புலங்களும் பெருகிக்கொள்ளும் ஓர் உறுப்பு வரும் அல்லவா, அது அந்தச் சிறிய மாறுதிசையின் அலைவெண்ணிலேயே துடிக்கும். அந்தத் துடிப்பை மட்டும் பிடித்து மற்றதை எல்லாம் ஒதுக்கும் பெருக்கி இருந்தால் இரைச்சலுக்குள் புதைந்த அளவும் மேலே வந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. வர்க்கத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒன்றாகிவிடும், புலம் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பது தொலைந்துபோகும். பெருகி வரும் உறுப்பில் அந்தக் குறி பிழைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு இயற்கணிதம்தான், அதை வைத்து ஒரு துறையின் முடிச்சையே அவிழ்த்தார்கள்.

அப்படி அவிழ்த்துப் பார்த்ததில் தெரிந்தது என்ன? எண்ணெய் என்பது பாடப்புத்தகம் சொல்வது போலச் சும்மா கிடக்கும் காப்பு அல்ல. நேர்த்திசை அழுத்தத்தில் அதற்குள் அயனிகள் நகர்கின்றன, மின்முனைகளிலிருந்து மின்னூட்டம் உள்ளே இறங்குகிறது, இறங்கிய மின்னூட்டம் நடுவில் தங்குகிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே புலம் சீராக இருக்கும் என்று கணக்குப் போட்ட இடத்தில், ஒரு தட்டின் ஓரம் அது ஏறியும் மறு ஓரம் தணிந்தும் நிற்பதை ஒளி காட்டியது. எந்த உலோகத்தால் தட்டு செய்தோம் என்பதைப் பொறுத்தும் படம் மாறியது.

மாறுதிசை மட்டுமே ஓடும் விழுப்புரத்துத் துணைமின் நிலையத்துக்கு இதனால் என்ன என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இப்போது தமிழ்நாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,765 கி.மீ. ஓடும் 800 கிலோவோல்ட் நேர்த்திசைப் பாதை 6,000 மெகாவாட் சுமக்கக் கூடியது; 2021இல் முழுத் திறனுக்கு வந்தது. நம் மாநிலத்தின் 400 கிலோவோல்ட் வலையமைப்பில் அந்த மின்சாரம் கலக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து நெல் வயலில் ஓடும் பம்ப்செட்டுக்குள் அதில் ஒரு பங்கு வராது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. புகளூரில் இருக்கும் கன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மர்களில், கன்வெர்ட்டரோடு இணையும் ‘வால்வுப் பக்க’ச் சுருள்கள் மாறுதிசையையும் நேர்த்திசையையும் ஒருசேரத் தாங்க வேண்டியவை. வழக்கமான டிரான்ஸ்பார்மரின் காப்பு அறிவு அங்கே பாதி வழிதான் வரும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். 10 மி.மீ. எண்ணெய், அதை ஒட்டி 10 மி.மீ. பிரஸ்போர்டு. இரண்டின் குறுக்கே 100 கிலோவோல்ட். மாறுதிசை என்றால் பங்கீட்டை விடுதிறன் முடிவு செய்கிறது. எண்ணெயின் ஒப்பு விடுதிறன் 2.2, எண்ணெய் ஊறிய பிரஸ்போர்டின் விடுதிறன் 4.4 என்று வைத்தால், எண்ணெய்க்கு 67 கிலோவோல்ட்டும் பலகைக்கு 33 கிலோவோல்ட்டும் வரும். நேர்த்திசை என்றால் முடிவு செய்வது மின்தடை எண். பலகையின் தடை எண்ணெயைப் போல 99 மடங்கு என்று கொள்வோம், களத்தில் இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். இப்போது எண்ணெய்க்கு ஒரே ஒரு கிலோவோல்ட், பலகைக்கு 99. எண்ணெய் ஓய்வெடுக்கிறது, பலகை பாரம் சுமக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும்.

இப்போது மின்னழுத்தத்தின் துருவத்தைத் திடீரென்று மாற்றுங்கள். கூட்டல் 100 இருந்த இடத்தில் கழித்தல் 100. மின்சாரம் போகும் திசையைத் திருப்ப, பழைய வகை நேர்த்திசைப் பாதைகளில் துருவத்தைத்தான் மாற்றுவார்கள். மொத்த மாற்றம் 200 கிலோவோல்ட். திடீர் மாற்றத்தை விடுதிறன்தான் பங்கு பிரிக்கும். எண்ணெய்க்கு 133, பலகைக்கு 67. ஆனால் எண்ணெய்க்கும் பலகைக்கும் நடுவே தேங்கிக் கிடக்கும் மின்னூட்டம் உடனே கலையாது. பலகையில் முன்பு இருந்த 99 இன்னும் அங்கேதான் நிற்கிறது. கூட்டிக் கழித்தால் எண்ணெயின் மேல் 132 கிலோவோல்ட் எதிர்ப்பக்கமாக விழுகிறது, பலகையில் 32 நேர்ப்பக்கமாக மிச்சமிருக்கிறது. மொத்தமாகக் கொடுத்ததே 100தான். அதில் ஓர் அடுக்கு மட்டும் 132ஐத் தாங்குகிறது! ஒரு கணம் முன்பு அதே எண்ணெய்க்கு ஒரு கிலோவோல்ட்டுதான் வேலை. கன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மர்களுக்கான சர்வதேசச் சோதனை விதியில் 90 நிமிடம் ஒரு துருவம், 90 நிமிடம் மறு துருவம், 45 நிமிடம் மீண்டும் முதல் துருவம் என்று மாற்றி மாற்றிச் சோதிக்கச் சொல்லியிருப்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

என் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது: ‘99 மடங்கு’. அந்த எண் நிலையானதல்ல. எண்ணெயின் கடத்துதிறன் வெப்பம் ஏறினால் ஏறும், ஈரம் ஏறினால் ஏறும், வயதானால் பல மடங்கு ஏறும். அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் முழுச் சுமையில் ஓடும் டிரான்ஸ்பார்மரின் எண்ணெயும், மார்கழி விடியலில் குளிர்ந்து நிற்கும் அதே டிரான்ஸ்பார்மரின் எண்ணெயும் நேர்த்திசைக்கு ஒரே பொருளல்ல. வடிவமைப்பாளர்கள் கணினியில் புலத்தை வரையும்போது இந்த எண்ணை எங்கிருந்தோ எடுத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் புதிய, சுத்தமான எண்ணெய்க்கான எண்ணை. கணினி வரைந்த படம் உண்மைதானா என்று சரிபார்க்க, எண்ணெய் வாய்க்காலுக்குள் நிற்கும் புலத்தை நேராக அளப்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கெர் அளவீட்டின் மதிப்பு இங்கேதான்.

இன்னொரு இடமும் உண்டு, அது நம் வாசலிலேயே நிற்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 1960களிலேயே மீட்டர்கேஜ் பாதை 25 கிலோவோல்ட் மாறுதிசையில் மின்மயமானது. ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.1 எஞ்சின்கள் அதில் ஓடின. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்த பின்னும் அதே 25 கிலோவோல்ட்தான். இன்றைய மின்சார எஞ்சினின் வயிற்றுக்குள் எண்ணெயில் மூழ்கிய டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. எண்ணெயைப் பம்ப் வைத்து வேகமாகச் சுற்றவிட்டுக் குளிரவைக்கிறார்கள். இப்படி ஓடும் எண்ணெய் பலகையை உரசிப் போகும்போது கூட்டல் மின்னூட்டத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, கழித்தலைப் பலகையில் விட்டுச் செல்கிறது. ஓட்டம் வேகமானால் சேர்வதும் வேகமாகும். 1970களில் ஜப்பானில் பம்ப் வைத்துக் குளிரவைத்த பெரிய மின்நிலைய டிரான்ஸ்பார்மர்கள் சில இதனால் உள்ளுக்குள்ளேயே பொறி பாய்ந்து விழுந்தன. எண்ணெய் நல்ல எண்ணெய்தான். உலர்ந்தது, சுத்தமானது. உலர்ந்திருந்ததே கொஞ்சம் வினையானது. நல்ல காப்பு என்பதால் சேர்ந்த மின்னூட்டம் கசிந்து போக வழியில்லாமல் தங்கிவிட்டது. எண்ணெயில் பென்சோட்ரையசோல் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்து அங்கே சமாளித்தார்கள்.

பி.டி.வி. கிட்டில் இந்த நோய் தெரியவே தெரியாது. கோப்பையில் எண்ணெய் ஓடுவதில்லையே.

ஒளி அளவீட்டுக்கும் வரம்புகள் உண்டு. அதைக் கருவி விற்கவருபவர் சொல்லமாட்டார், ஆகையால் நான் சொல்கிறேன். ஒளி தன் பாதை முழுவதும் சந்தித்த விளைவைக் கூட்டித்தான் வெளியே தரும், நடுவில் ஒரு புள்ளியில் புலம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. ஆகவே நீளவாக்கில் புலம் மாறாத மாதிரி அமைப்புகளில்தான் அது நேர்மையாக அளக்கும். உண்மையான டிரான்ஸ்பார்மரின் வளைவு நெளிவுகளில் பல கோணங்களில் அளந்து கணக்கிட வேண்டிவரும். பிரஸ்போர்டு ஒளியை விடாது. எண்ணெயில் விழுந்த மின்னழுத்தத்தை அளந்து, மொத்தத்திலிருந்து கழித்துத்தான் பலகையின் பங்கைச் சொல்ல முடியும். எண்ணெய் சூடாகும் இடத்தில் ஒளிவிலகல் எண் மாறி, கதிர் வளையும். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மருக்குள் இதைப் பொருத்தி, கட்டுப்பாட்டு அறையில் திரையில் பார்க்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் மின்வாரியம் கும்பிட்டு அனுப்பிவிடுவது நல்லது. சுருளின் சூட்டை அளக்கக் கண்ணாடி இழையைப் பெரிய டிரான்ஸ்பார்மர்களில் வைக்கிறார்கள், அது தேறிய நுட்பம். மின்புலம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. புலத்துக்கேற்ப ஒளியை மாற்றும் லித்தியம் நயோபேட் போன்ற படிகத் துண்டை இழையின் நுனியில் ஒட்டி உள்ளே இறக்கும் முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் படிகத்தின் விடுதிறன் எண்ணெயைவிடப் பல மடங்கு, உலோக ஊசி செய்யும் குளறுபடியைக் கொஞ்சம் மரியாதையாக அதுவும் செய்யும்.

அப்படியானால் இது எதற்கு? ஆய்வுக்கூடத்தில், பெட்டிக்குள், களத்து எண்ணெயை வைத்துச் செய்யத்தான். சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் உயர் அழுத்தப் பொறியியல் வேரூன்றிய துறைகள். பெங்களூரில் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் 1960 முதல் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் பற்றி நம்மவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் வருவது டிரம்மிலிருந்து எடுத்த புது எண்ணெய், அல்லது அடுப்பில் வைத்துச் சில வாரங்களில் வயதாக்கிய எண்ணெய். இருபது வருடம் கோடையும் மழையும் பார்த்து, மூன்று முறை பில்டர் ஆகி, எத்தனையோ பழுது மின்னோட்டங்களைக் கடந்து வந்த எண்ணெய், பாட்டிலில் பிடித்து, பி.டி.வி. பார்த்து, அதன் பிறகு கீழே ஊற்றப்படுகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்தப் பாட்டில்களுக்குள் இருக்கும் தகவலை எந்த ஆய்வுக்கூடமும் விலை கொடுத்து உண்டாக்க முடியாது.

நான் கேட்பது பெரிய செலவல்ல. விழுப்புரம் மண்டலத்தின் பவர் டிரான்ஸ்பார்மர்களிலிருந்து பராமரிப்பு நாளன்று பிடிக்கும் எண்ணெயில் இரண்டாவதாக ஒரு பாட்டில், காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் வைத்து அனுப்பப்பட வேண்டும். மேலே ஒட்டும் சீட்டில் பிடித்த தேதி, எண்ணெயின் வெப்பம், அன்றைய சுமை, டிரான்ஸ்பார்மர் எந்த ஆண்டு நிறுவப்பட்டது, எப்போது பில்டர் ஆனது என்பவை இருக்க வேண்டும். பெறும் இடத்தில் முதலில் ஈரம், 90 டிகிரியில் தடை எண், டேன் டெல்டா, கரைந்த வாயுக்கள் என்று வழக்கமானவற்றைப் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் கெர் கலத்தில் நேர்த்திசை அழுத்தத்தின் கீழ் வைத்துப் பார்க்கலாம். துருவத்தை மாற்றிய பின் எத்தனை நிமிடத்தில் மின்னூட்டம் கலைகிறது என்ற ஒரே கேள்விக்கு, வயது வாரியாகப் பதில் கிடைத்தாலே போதும். நாளை இலங்கையோடு கடலடி நேர்த்திசை இணைப்பு வந்தாலும், புகளூர் போல இன்னொரு நிலையம் வந்தாலும், அதற்கான டெண்டரில் ‘எண்ணெயின் கடத்துதிறன் இவ்வளவு என்று கொள்க’ என்ற வரியை நம் ஊர் எண்ணைக்கொண்டு நிரப்பலாம். இப்போது அந்த வரியைச் சப்ளையர் நிரப்புகிறார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கெர் கலம் ஒன்றை மாணவர்களைக் கொண்டே கட்ட முடியும்: சிவப்பு லேசர், இரண்டு முனைவாக்கிகள், கால் அலைத் தகடு, ஒளி உணரி, எண்ணெய்த் தொட்டி, மெருகிட்ட இரண்டு தட்டுகள். உயர் அழுத்த மூலமும் துடிப்பைப் பிடிக்கும் பெருக்கியும்தான் விலை கூடியவை. பாதுகாப்பு வேலியும் நில இணைப்புக் கம்பியும் பொறுப்பான ஆசிரியரும் இல்லாமல் தொடக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நைட்ரோபென்சீன் பக்கம் மட்டும் மாணவர்களைப் போகவிடாதீர்கள். விளைவு பெரிதாகத் தெரியும் என்று ஆசை காட்டும், ஆனால் நச்சு. எண்ணெயோடு பொறுமையாக மல்லுக்கட்டுவதே பாடம்.

திண்டிவனத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லத் தோன்றுகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத்தான் சுமக்கின்றன. உலகம் இப்போது கனிம எண்ணெயை விட்டுத் தாவர எண்ணெயை, முக்கியமாகச் சோயா எண்ணெயை, டிரான்ஸ்பார்மருக்குள் ஊற்றத் தொடங்கிவிட்டது. 300 டிகிரியைத் தாண்டினால்தான் அது நின்று எரியும், கனிம எண்ணெய்க்கு அது 170 டிகிரி அளவுதான். கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு ஈரத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டு காகிதத்தைக் காப்பாற்றும். குறைகளும் உண்டு: கொழகொழப்பு அதிகம், காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். புங்க எண்ணெயை இந்தியாவில் பலர் சோதித்திருக்கிறார்கள். நிலக்கடலை எண்ணெய் தேறுமா என்று நான் வாக்குறுதி தரமாட்டேன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்து இரும்புத் தொட்டியில் ஊற்றுவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் எந்தத் தாவர எண்ணெயாக இருந்தாலும், அதன் கெர் மாறிலி கனிம எண்ணெயினுடையதல்ல, கடத்துதிறன் கூடுதல், ஆகவே பிரஸ்போர்டோடு பங்கு பிரித்துக்கொள்ளும் விதமும் வேறு. ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து அளந்தாக வேண்டும்.

களத்து எண்ணெயோடு தொடங்குபவர்கள் முதல் நாளே ஒரு சிக்கலில் மாட்டுவார்கள், அதை இப்போதே சொல்லிவைக்கலாம். புது எண்ணெய் கிட்டத்தட்டத் தண்ணீர் போலிருக்கும். இருபது வருட எண்ணெய் டிக்காஷன் நிறத்தில் வரும், நீல ஒளியும் பச்சை ஒளியும் அதற்குள் சீக்கிரமே செத்துவிடும், சிவப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பாதையைக் குறைத்தால் ஒளி பிழைக்கும், ஆனால் கெர் விளைவும் அதே வீதத்தில் குறையும். ஆகவே புலத்தை அளப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எந்த நிறத்தில், எத்தனை சென்டிமீட்டர் என்று ஓர் அட்டவணை போட வேண்டியிருக்கும். விழுப்புரம் மண்டலத்து எண்ணெய்க்கு அப்படி ஓர் அட்டவணையை ஒரு முதுநிலை மாணவர் ஒரு கோடைக்குள் போட்டுவிடலாம், அதற்கு உயர் அழுத்தம்கூடத் தேவையில்லை.

(கட்டுரையாளர், உயர் அழுத்த மின்காப்புத் துறைப் பொறியாளர்)